எழுபத்தொன்பது டிகிரி

எண்பத்து நான்கு. காலை ஆறரை மணிக்கு, ராத்திரியெல்லாம் தூறல் போட்டு விறைத்துக் கிடக்கிற வண்டிக்கு, எண்பத்து நான்கு டிகிரி சூடாம்! வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைக் காட்டுகிற டேப்லெட்டை மயிலாத்தாள் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். துடைத்தால் எண் குறைந்துவிடுமா என்ன. எண்பத்து நான்கு அப்படியே நின்றது. இஞ்சின் தண்ணி இருபத்து மூன்று, வெளிக்காற்று இருபத்து மூன்று, கியர்பாக்ஸ் பம்ப் மட்டும் எண்பத்து நான்கு. நேற்று சாயங்காலம் லிஃப்டில் ஏற்றியதோடு சரி, அதற்குப் பிறகு இந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. இப்போதும் சாவியை ஒரு கட்டம்தான் திருப்பி விட்டிருந்தாள், இஞ்சின் ஓடவில்லை. ஓடாத வண்டி எப்படிச் சுடும்? பழைய வேனிலிருந்து கழற்றிப் போட்ட சீட் ஒன்று ஷெட்டின் மூலையில் கிடந்தது, அதில் போய் உட்கார்ந்தாள். சேலைக்கு மேல் மாமனின் பழைய முழுக்கைச் சட்டை, பித்தான் போடாமல். மாமன் என்றால் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, இந்த உடுமலை ரோட்டில் கியர்பாக்ஸ் நாச்சிமுத்து என்றால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். கியர்பாக்ஸை இறக்குகிற ஜாக்கை இரவல் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போயிருக்கிறார், ஒன்பது மணிக்கு வந்துவிடுவார். வந்ததும் இறக்கிவிடுவார். அதற்குள், அதற்குள் என்ன? அதற்குள் இந்த எண் பொய் சொல்கிறதா நிஜம் சொல்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இது கோமளா டீச்சரின் வண்டி.

கோமளா டீச்சருக்கு இடது கால் போலியோ. கம்பி வைத்த ஷூ போட்டு, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் கார் என்பதால்தான், வலது கால் ஒன்றே போதும் என்பதால்தான், நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்து இதை வாங்கினார். அதுவரை பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் ஜெகதீசன் பைக்கின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அண்ணனுக்கு எப்போது சௌகரியமோ அப்போது போய், அப்போது திரும்பி. மழை பிடித்த நாளிலிருந்து, அதாவது இந்த ரெண்டு வாரமாக, மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு முக்குகிறது. மூன்று நாள் முன்னால் மாமன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "பம்ப் போச்சுங்க. ஆயில் சரியா ஓடலை, அதான் சூடேறுது." அவ்வளவுதான், அண்ணன்காரர் பிடித்துக்கொண்டார். "நாஞ் சொன்னனா இல்லையா? ஒத்தைக் கால்ல பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிச்சு எரிச்சுப்போட்டா. மாத்திக் குடுங்க, வித்துப்போட்டுத் தலை முழுகறேன். பழையபடி நானே கூட்டிப் போயிக்கறேன்." எதிர்த்துப் பேசத் தெரியாதவரில்லை டீச்சர். கணக்கு டீச்சர், வகுப்பில் அவர் குரல் ரோட்டுக்குக் கேட்கும் என்பார்கள். அன்றைக்குக் குனிந்து தன் வலது செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றவர், அண்ணன் அந்தப் பக்கம் போனதும் மயிலாத்தாளிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்படி மிதிச்சிருப்பனுங்களா அக்கா? எனக்கே தெரியாம?" அந்தக் கேள்விதான் மூன்று நாளாக மயிலாத்தாளுக்குச் சோற்றில் கல்லாக மாட்டிக்கொண்டிருக்கிறது. இல்லீங் டீச்சர் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தெரியாமல் எப்படிச் சொல்வது?

எழுந்து லிஃப்டுக்கு அடியில் போனாள். வண்டி அவள் தலைக்கு மேலே கொஞ்சம் எட்டத்தில் நின்றது. கியர்பாக்ஸின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்து கிடந்தது, ஈரம் கூட இருந்தது. இதென்னடா கூத்து, பதினோரு வருசமாக இந்த ஷெட்டில் நடக்கிற சண்டையே தலைகீழாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும் என்பார் மாமன். எண்ணைப் பாருங்க மாமா என்பாள் இவள். இன்றைக்குக் கை குளிர்ச்சி என்கிறது, எண் சூடு என்கிறது, இவள் எந்தப் பக்கம் நிற்பது? சரி, நீயே சொல்லு என்று பம்ப் பக்கத்தில் இருக்கிற பிளக்கைத் தேடிப் பிடித்தாள். மிளகு அளவு சென்சர்தான், பம்ப் ஆயிலின் சூட்டைப் பார்த்து மேலே கம்ப்யூட்டருக்குச் சொல்வது. அதற்கு ரெண்டே ஒயர். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் கேட்காது, அப்போது அது மைனஸ் நாற்பது என்று காட்ட வேண்டும், பனிமலையில் நிற்கிற மாதிரி. சென்சர் கெட்டிருந்தாலும் சரி, பம்ப் சுட்டிருந்தாலும் சரி, பிளக்கைக் கழற்றினால் மைனஸ் நாற்பது. இது மாறாத விதி. நகத்தால் பூட்டை நெம்பிப் பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டாள். தோளில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். எழுபத்தொன்பது. அடி ஆத்தாடி! ஒன்றுமே மாட்டாத வெறும் ஒயர், காற்றில் தொங்குகிறது, எழுபத்தொன்பது டிகிரி சுடுகிறது என்கிறது! தன்னை மறந்து சிரித்துவிட்டாள். தனியாகச் சிரிக்கிறோமே என்று ரோட்டைப் பார்த்தாள். பால் வண்டி ஒன்று போனது, அதில் இருந்தவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கரண்ட் பார்க்கிற மீட்டரை எடுத்துச் சென்சரின் ரெண்டு முனையிலும் வைத்துப் பார்த்தாள். ரெண்டரைக் கிலோ ஓம். இந்தக் குளிருக்கு அது சரியான கணக்கு. சென்சர் நல்லாயிருக்கிறது. பம்ப்பும் அனேகமாக நல்லாயிருக்கிறது. அப்படியானால் சண்டை மூட்டுகிறவர் நடுவில் இருக்கிறார், பிளக்குக்குள். ஈரம் ஏறியிருந்தால் ரெண்டு ஊசிக்கும் நடுவில் கரண்ட் கள்ளவழியில் போகும், கம்ப்யூட்டருக்கு அது சூடாகத் தெரியும். வண்டி ஓடி ஆயில் நிஜமாகச் சூடானதும் ரெண்டும் சேர்ந்து நூற்றுப் பதினைந்து, நூற்றிருபதுக்குத் தாவும், விளக்கு எரியும். மத்தியானம் வெய்யிலில் காய்ந்துவிட்டால் ஒன்றும் இருக்காது. டீச்சர் கூட அதைத்தான் சொன்னார், காலையில்தான் எரியுது, சாயங்காலம் வரும்போது நல்லாத்தான் வருது என்று. அண்ணன்காரர் அவரைப் பேசவே விடவில்லை. மயிலாத்தாளுக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது, வேலை பிடிபட்டுவிட்ட சந்தோசம், அதைப் போல ஒரு சந்தோசம் வேறில்லை, பிள்ளை பாஸான அன்றைக்குக் கூட அப்படி இல்லை, சொன்னால் அடிப்பார்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிளக்கின் வாயைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக என்னவோ அப்பியிருந்தது. துரு என்று நினைத்தாள். பித்தளை ஊசிக்கு ஏது சிவப்புத் துரு? ஊசியின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது, அது களிம்பு, சரி. இந்தச் சிவப்பு என்ன? பல் குத்துகிற குச்சியை விட்டுச் சுரண்டி உள்ளங்கையில் தட்டினாள். ஈரமாக ஒட்டியது. அடியில் மஞ்சள், மேலே சிவப்பு. மோந்து பார்த்தாள். டார்ச் வாயிலிருந்து நழுவிச் சிமெண்டில் விழுந்து உருண்டது, அவள் எடுக்கவில்லை. சந்தனம். குங்குமம்.

அதைப் பார்த்த பிறகு யாரென்று கேட்க வேண்டியதே இல்லை. இந்த ஷெட்டில் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறது அவள் ஒருத்திதான். வருசா வருசம் அவளுக்கு அது ஒரு வெறி. ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும், ஜாக்குக்கு, கம்ப்ரசருக்கு, ஸ்கேனருக்கு, பஞ்சர் ஒட்டுகிற டப்பாவுக்கு, ஒன்றை விட்டாலும் அது கோவித்துக்கொள்ளும் என்பாள். ஷெட்டில் நிற்கிற வண்டிகளுக்கும் உண்டு, வந்த விருந்தாளிக்குப் பொட்டு வைக்காமல் அனுப்புவதா? அன்றைக்குக் கியர் ஆயில் மாற்றுவதற்காக டீச்சர் வண்டி இதே லிஃப்டில் இதே உயரத்தில் நின்றது. பானட் எட்டவில்லை. கண்ணாடி எட்டவில்லை. எட்டியது அடிவயிறுதான். ஆயில் தொட்டிக்கு ஒன்று வைத்தாள், கியர்பாக்ஸ் முகத்துக்கு ஒன்று, அவள் முகத்துக்கு நேரே, ஆயில் மாற்றக் கழற்றி விட்டபடி, வாயைத் திறந்துகொண்டு இந்தப் பிளக் தொங்கியது, வாடா கண்ணு உனக்கும் என்று அதற்கும் ஒன்று. பாவம், அதை மட்டும் விடுவானேன் என்று நினைத்தது கூட ஞாபகம் இருக்கிறது. விரல் உள்ளே லேசாகப் போனது ஞாபகம் இருக்கிறது. சந்தனத்தைத் தண்ணி தளும்பக் கரைத்திருந்தாள். மறுநாள் மாமன் பிளக்கை மாட்டினார். பார்க்காமல் மாட்டினாரே! ஒரு நொடி அந்த நினைப்பு இனித்தது. பார்த்து மாட்டியிருக்க வேண்டியது அவரல்லவா? போடி, வைத்தவள் நீ. பத்தாங்கிளாஸ் சயின்ஸில் எண்பத்தொன்பது மார்க் எடுத்தவள் நீ. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் ஈரத்தில் கரண்டைக் கடத்தும் என்று இந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் நீ.

சீட்டில் வந்து உட்கார்ந்தாள். மணி ஏழேகால். தகரத்தின் மேலிருந்து மழைத்தண்ணி நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கும் அவசரம் ஒன்றும் இல்லை, பயம் கூட மெதுவாகத்தான் வந்தது. வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் இப்போதும் இவளைத் தாண்டி எட்டிப் பார்த்து "அண்ணன் இல்லீங்களா?" என்பார்கள். என்னன்னு சொல்லுங்க என்பாள். "இல்ல, அண்ணன் வரட்டும்." முதல் நாலு வருசம் இவள் கண்டுபிடித்ததையெல்லாம் மாமன் வாய் வழியாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்னால் சரி, அதையே இவள் சொன்னால் ஒரு சிரிப்பு. பிறகு ஒரு காற்றாலை கம்பெனி வண்டி, ஏழு இடத்தில் பார்த்தும் ஆகாதது, இவள் ஒரு மணி நேரத்தில் ஒரு பியூஸுக்கு அடியில் இருந்த கோளாறைக் காட்டிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் மாமன் பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டில் தன் பெயருக்குக் கீழே இவள் பெயரையும் எழுதச் சொன்னார். கேட்காமலே எழுதச் சொன்னார், மனுசன். அந்தப் பெயருக்கு இப்போது என்ன சொல்வார்கள்? பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் பொட்டு வைத்துக் கெடுப்பாள் என்று சொல்வார்கள். சந்தை வரைக்கும் போகும், டீக்கடையில் நடித்துக் காட்டுவார்கள், விரலை நீட்டி, வாடா கண்ணு உனக்கும் என்று. அதை யாரிடமும் சொல்லவில்லையே, அது எப்படித் தெரியும்? தெரியாது. இருந்தாலும் நடிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்று கண் கரித்தது. சொல்லாமல் விட்டால்? துடைத்து மாட்டிவிட்டால் முடிந்தது. மாமன் வந்து பார்ப்பார், விளக்கு எரியாது, தானாகச் சரியாகிவிட்டது என்பார். தானாகச் சரியானது தானாக மறுபடி கெடும் என்று அண்ணன்காரர் விற்றுவிடுவார். டீச்சர் தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கே தெரியாம மிதிச்சிருப்பனுங்களா. சே.

அப்போதுதான் எலி ஞாபகம் வந்தது. எலி! எந்த ஒர்க்‌ஷாப்பிலும் எலக்ட்ரீசியனைக் காப்பாற்றுகிற தெய்வம் எலிதான். ஒயர் கருகினால் எலி, பியூஸ் போனால் எலி, தானே இழுத்து அறுத்தாலும் எலி. எலி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. பிளக்கில் எலி மூத்திரம் பேய்ந்திருக்கிறது, அதான் ஈரம், துடைத்துவிட்டேன், பம்ப் நல்லாயிருக்கிறது, டீச்சர் ஓட்டியதில் ஒரு குற்றமும் இல்லை. எவ்வளவு சுலபம்! டீச்சரும் தப்பித்தார், போர்டும் தப்பித்தது, யாருக்கு நட்டம்? எலிக்குத்தான். மனசு லேசாகிவிட்டது. எழுந்து, கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து, பழைய பனியன் துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்தாள். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, பச்சை வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி துடைத்தாள். இதுவரை அவள் எந்தப் பொட்டையும் அழித்ததில்லை, கை கொஞ்சம் தயங்கியது, சாமி மன்னிச்சுக்கோ என்று வாய் தானாகச் சொன்னது. ஊதிக் காயவிட்டாள். டேப்லெட்டில் எழுபத்தொன்பது அறுபதானது, நாற்பதானது, கொஞ்ச நேரம் பதினொன்றில் நின்று யோசித்தது, பிறகு மைனஸ் நாற்பது. பிளக்கைச் சென்சரில் மாட்டினாள், டக்கென்று பூட்டு விழுந்தது. இருபத்து மூன்று. இஞ்சினுக்கும் காற்றுக்கும் பம்ப்புக்கும் ஒரே எண், மூன்று பேரும் சமாதானமாகிவிட்டார்கள். எட்டு மணி வரைக்கும் அந்த மூன்று இருபத்து மூன்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எலி, எலி என்று ரெண்டு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டாள், குரல் சாதாரணமாக இருக்கிறதா என்று. சாதாரணமாகத்தான் இருந்தது.

ஒன்பதுக்கு மாமனின் ஆட்டோ ஜாக்கோடு வந்து நின்றது, அதன் பின்னாலேயே ஜெகதீசனின் பைக். டீச்சர் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, ஒரு கையால் அண்ணனின் சட்டையைப் பிடித்தபடி இறங்கினார், இறங்குவதற்குள் அவர் முகம் சுண்டிவிட்டது. "ஜாக்கை இறக்காதீங்க மாமா," என்றாள் மயிலாத்தாள். "பம்ப்புல ஒண்ணும் இல்லீங். பிளக்குல ஈரம். எலி பண்ணுன வேலையாட்ட இருக்குது. டீச்சர் ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லை." சொல்லிவிட்டாள். நன்றாகத்தான் சொன்னாள். மாமன் புருவத்தைத் தூக்கி வண்டியின் அடியைப் பார்த்தார். டீச்சரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஜெகதீசன் சிரித்தார். கெட்ட மனுசனில்லை, தங்கச்சிக்காக வெய்யிலிலும் மழையிலும் பைக் ஓட்டியவர்தான், ஆனால் தனக்குத் தெரிந்ததற்கு மேல் உலகத்தில் ஒன்றும் இல்லை என்கிற சிரிப்பு. "எலிங்களா? எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் எலின்னுதான் சொல்றாங்க. கோமளா, அக்கா உன்ற மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க, விடு." டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார். "தெரியுதுங்கண்ணா," என்றார். மலர்ந்தது வந்த வேகத்தில் போய்விட்டது. மறுபடியும் குனிந்துகொண்டார், மறுபடியும் அந்தச் செருப்பு. அட மடச்சி, எலியை யாருடி நம்புவார்கள்? நீ நம்புவாயா? நல்லது சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பார்கள். தன்னைத்தானே குத்திக்கொள்கிற பேச்சு ஒன்றைத்தான் உலகம் பொய்யென்று சொல்லாது. போர்டு என்ன போர்டு, வாசலில் வெய்யில் பட்டு அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது, அதை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எலி இல்லீங்," என்றாள். குரல் இப்போது சாதாரணமாக இல்லை. சட்டைப் பையிலிருந்து பனியன் துணியை எடுத்து விரித்துக் காட்டினாள். "குங்குமங்க. ஆயுத பூசையன்னிக்கு வண்டி மேல நின்னுது, பிளக் திறந்து தொங்குச்சு, நான்தான் அதுக்குள்ள பொட்டு வெச்சேன். மழை ஈரம் பட்டதும் அது கரண்டை இழுத்து, இல்லாத சூட்டைக் காட்டியிருக்குது. என்ற தப்புங்க. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எலி மேல போட்டேன்." ஜெகதீசன் துணியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பிறகு அவள் காலையிலிருந்து மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தையைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னார்: "பொம்பளைக கையில ஒர்க்‌ஷாப்பை விட்டா இதானுங்க ஆகும்." கேட்டாயிற்று. காது அறுந்து விழவில்லை. நாச்சிமுத்து ஜாக்கின் கைப்பிடியைக் கீழே வைத்தார். "பிளக்கை மாட்டுனது நானுங்க," என்றார். "உள்ளே பார்க்காம மாட்டுனேன். பம்ப் போச்சுன்னு சொன்னதும் நான்தான், பொம்பளை சொல்லலை." அவர் பேசுவதே அபூர்வம், அதில் இவ்வளவு நீளமாக. மயிலாத்தாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள்.

டீச்சர் கைத்தடியை ஊன்றி ரெண்டடி முன்னால் வந்தார். துணியை வாங்கி, வகுப்பில் கணக்கு நோட்டைப் பார்க்கிற மாதிரி கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கோபம் வரட்டும், திட்டட்டும், மூன்று நாளாகப் பைக்கில் தொங்கியவருக்குத் திட்ட உரிமை உண்டு என்று மயிலாத்தாள் நின்றாள். "அப்ப என்ற காலு இல்லீங்களா அக்கா?" என்று கேட்டார் டீச்சர். "இல்லீங் டீச்சர். உங்க காலு இல்லை. என்ற விரலு." டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "பாவி அக்கா," என்றார், "ரெண்டு வாரமா தினமும் ராத்திரி உக்காந்து இந்தக் காலைத் திட்டிக்கிட்டு இருந்தேன். இருக்கறது ஒண்ணு, அதையும் திட்டிக்கிட்டு இருந்தேன்." மயிலாத்தாள் போய் லிஃப்டின் பட்டனை அழுத்தினாள். வண்டி நிதானமாக இறங்கித் தரையைத் தொட்டது. டீச்சர் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, கையால் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்து, கைத்தடியைப் பக்கத்துச் சீட்டில் போட்டார். ஸ்டார்ட் செய்தார். விளக்கு ஒன்றும் எரியவில்லை. ஜெகதீசன் அந்தப் பக்கக் கதவைத் திறக்கப் போனார். "நானும் கூட வர்றேன், வழியில நின்னுக்கிச்சுன்னா?" என்றார். சீட்டில் கிடந்த கைத்தடியை டீச்சர் எடுக்கவில்லை.

"நீ பைக்ல வாண்ணா," என்றார். "நான் முன்னாடி போறேன்."